சீட்டுக்குக் கீழே

மகிழடித்தீவில் இருந்து போன் வரும்போது
நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை.
"நானா, சுத்துது, பத்துதில்ல.
பதினொரு கான் பால் நிக்குது."

மண்முனைப் பாலத்தால் போய்ச் சேர ஆறு ஐம்பது.
பழைய ஹைலக்ஸ், ஸ்ரீ போட்ட நம்பர்.
ஒரு கதவு நீலம், மற்றது நீலமாய் இருந்தது.
றஞ்சிதமலர் சாவியை என் கையில் தராமல்
தானே ஏறித் திருகினா.
ஸ்டாட்டர் நல்ல பலமாய்ச் சுத்தியது,
படுத்திருந்த நாய் எழும்பிப் போகிற அளவுக்கு.
எஞ்சின் ஒன்றும் சொல்லவில்லை.

ஏற்கனவே ஒரு பாஸ் வந்து
பற்றரி மாற்றி, ஹீட்டர் பிளக் நாலும் மாற்றி,
டீசல் பில்ட்டரும் மாற்றி
அறுபத்தெட்டாயிரம் வாங்கிப் போயிருக்கிறார்.
"மறுகா பம்பைக் கழற்றோணும் எண்டவர்."

நான் பின்னால் போய்க் குந்தினேன்.
"இன்னொருக்கா."
சைலன்சரில் புகை இல்லை,
வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.
பட்டினி கிடப்பவனுக்கு ஏப்பம் வராது.

பம்பின் முதுகில் ஒரு சின்னச் சொலனாய்ட்.
சாவி போட்டதும் 'டிக்' என்று வாய் திறக்கும்,
பல்லி சொல்வதை விட மெல்லிசாய்;
அது திறந்தால்தான் டீசலுக்கு வழி.
காதை வைத்தேன். சாவி. இல்லை.
சாவி. இல்லை.
வயரைக் கழற்றி மீற்றரைப் பிடித்தால்
பன்னிரண்டு காட்டுகிறது.
மீற்றரை நான் முழுசாய் நம்புவதில்லை.
வேலை கொடுக்காமல் கேட்டால்
எந்த வயரும் தன்னிடம் பன்னிரண்டு இருக்கு என்றுதான் சொல்லும்.
பல்பைக் கொழுவினேன்.
இழையில் ஒரு சிவப்பு, பீடி நுனி அளவு,
அதுவும் போயிற்று.

பற்றரியில் இருந்து நேரே ஒரு வயர் இழுத்துத் தொட்டேன்.
டிக்.
அடுத்த சுற்றில் எஞ்சின் பத்தி
கான் மூடிகள் எல்லாம் கிலுகிலுத்தன.
"சரியா?" என்றா.
"இல்ல. பாலைக் குடுத்திட்டு வாங்க.
நிப்பாட்டுறதெண்டா இந்த வயரைக் கழற்றுங்க."

ஒன்பதரைக்கு வந்தா, ஒரு றாத்தல் பாணோடு.
நான் டாஷ்போட்டுக்குக் கீழே தலைகீழாய்க் கிடந்தேன்.
கம்பனிக்காரன் சுற்றிய டேப் முடிகிற இடத்தில்
வேறொருவன் துணி டேப் சுற்றியிருந்தான்.
அங்கிருந்து சிவப்பில் ஒரு முறுக்கு வயர்,
வீட்டு லைட்டுக்கு இழுக்கிற சாமான்,
கார்ப்பெட்டுக்குக் கீழால் போய்
சாரதி சீட்டின் ஸ்பிரிங்குக்குள் ஏறியது.
கையை விட்டேன்.
கொய்யாப் பிஞ்சு போல ஒரு பெட் சுவிச்.
திறந்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது.
போன கிழமை முன்னால் வைத்த கான் ஒன்று சரிந்ததாம்.

அவ சுவிச்சைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தா.
இளையதம்பிப் போடியின் வாகனம் இது,
மகனிடம் வாங்கி ஆறு வருசம்.
அந்த நாளையில் இரவில் வந்து கேட்டவர்களுக்குப்
போடியார் வாதாடமாட்டாராம்.
சாவியைத் தானே நீட்டுவாராம்,
"கொண்டு போங்க மக்காள்."
சுத்துமாம், பத்தாதாம்.
சந்தி வரைக்கும் தள்ளிப் பார்த்தும் பத்தாதாம்.
ரயருக்கு ஒரு உதை, அவ்வளவுதான்.
மறுகா பகலில் சீருடையோடு வந்தவர்களுக்கும்
அதே சாவி, அதே உதை.
விடிந்தால் போடியார் வயலுக்கு ஓட்டிப் போவார்.
பேய் பிடித்த வாகனம் என்று ஊர் சிரித்தது,
அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.
பெண்சாதிக்கும் சொல்லாமலே செத்துப் போனார்.

"வெட்டி எறிஞ்சிட்டு நேரே குடுக்கட்டா?" என்று கேட்டேன்.
அவ பாணைப் பிய்த்தபடி இருந்தா.
"புதுசு ஒண்டு போட்டு விடுங்க நானா."
"எங்க?"
"இருந்த இடத்திலதான்."
"இப்ப ஆரு வரப்போறான்?"
கானைக் கழுவுகிறேன் என்று எழும்பிப் போனா.

சுவிச்சுக்கு இருநூற்றைம்பது. கூலி எழுதும்போது
அறுபத்தெட்டாயிரம் நினைவு வந்து கை கூசியது;
மூவாயிரம் என்று போட்டேன்.
காசை எண்ணித் தந்துவிட்டுச் சீட்டில் ஏறி
குனியாமலே இடது கையைக் கீழே விட்டு
அணைத்தா, போட்டா, அணைத்தா.

திரும்பி வரும்போது பாலத்தில் யாரும் இல்லை,
ஒரு தடையும் இல்லை.
முன்பு இறங்கி உருட்டிப் போன இடம் வந்ததும்
என் கால் தானாகவே கியரைக் குறைத்தது.